நம்பரை பாக்காதீங்க, முனையை பாருங்க: ஸ்கேல் மாடலுக்கு பிரஷ் வாங்கி நான் கத்துக்கிட்டது

மிக்-21 போர் விமானம் சர்வீஸ்ல இருந்து போன அன்னைக்கு, 2025 செப்டம்பர் 26, சண்டிகர்ல நடந்த விழாவை ஃபோன்ல பாத்துட்டு இருந்தேன். 1963-ல நம்ம விமானப்படைக்கு வந்தது, அறுபத்திரண்டு வருஷம். மனசு ஒரு மாதிரி ஆகிடுச்சு, அலமாரி மேல மூணு வருஷமா பிரிக்காம கெடந்த 1/72 (நிஜ விமானத்தோட நீளத்துல எழுபத்திரண்டுல ஒரு பங்கு) மிக்-21 பிளாஸ்டிக் மாடல் கிட்டை அன்னைக்கு ராத்திரியே எடுத்து உக்காந்துட்டேன். நாங்க இருக்கறது பெங்களூர் அல்சூர்ல, பசங்க தூங்கி, வீட்ல பாத்திரம் எல்லாம் கழுவி முடிச்ச பிறகு டைனிங் டேபிள் எனக்கு கிடைக்கும், பத்தரைல இருந்து பன்னெண்டு வரைக்கும், அவ்ளோதான் என் டைம்.

ஒட்டுற வேலை எல்லாம் நல்லாவே போச்சு. மாட்டிக்கிட்டது கேனோபி ஃப்ரேம்ல. பைலட் தலைக்கு மேல இருக்கற கண்ணாடிய சுத்தி வர்ற அந்த மெலிசான சட்டம், 1/72-ல அது ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. இதுக்குன்னே ஆன்லைன்ல "டீடெய்ல் பிரஷ் செட்"னு பன்னெண்டு பிரஷ் வாங்கி வெச்சிருந்தேன், அதுல ரொம்ப சின்னது 10/0, பத்து பன்னெண்டு மயிர் தான் இருக்கும் போல. சின்ன கோடுக்கு சின்ன பிரஷ், நியாயம் தானேன்னு அதை எடுத்தேன். பெயின்ட்டை தொட்டு கண்ணாடி கிட்ட கொண்டு போறதுக்குள்ள முனையில காஞ்சிடுது. திரும்ப தொட்டா கட்டியா வருது. மூணாவது தடவை முனை ரெண்டா பிரிஞ்சு, ஒரு கோடு போட வேண்டிய இடத்துல ரெண்டு கோடு. தொடைக்கலாம்னு இயர் பட்ஸ்ல லேசா லாக்கர் தின்னர் தொட்டு தேய்ச்சேன், கண்ணாடி பனி மூடின மாதிரி வெள்ளையா போயிடுச்சு. க்ளியர் பார்ட்ஸ் பக்கத்துல லாக்கர் தின்னரை கொண்டு போகவே கூடாது, அந்த பிளாஸ்டிக்கை அது அரிச்சுடும், இதை யாராவது ஆரம்பிக்கறவங்க படிச்சா முதல்ல இதை மனசுல வெச்சுக்கோங்க.

அந்த ஞாயித்துக்கிழமை மர்ஃபி டவுன்ல இருக்கற பெரியப்பா வீட்டுக்கு போனப்ப பிரஷ் செட்டையும் பையில போட்டுக்கிட்டு போனேன். பெரியப்பா குடியாத்தத்துல இருந்து பதினேழு வயசுல பெங்களூர் வந்தவர், சிவாஜிநகர்ல நாப்பது வருஷம் சைன்போர்டு எழுதினவர், தமிழ், கன்னடம், உருது, இங்கிலீஷ் நாலும் பிரஷ்லயே எழுதுவார், நம்பர் பிளேட்டுல இருந்து லாரி பின்னாடி பூ போடற வரைக்கும். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு போர்டு வேலை போயிடுச்சு. ஆனா பிரஷ் மட்டும் இன்னும் வீட்ல இருக்கு, ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் மூடி போட்ட தகர டப்பாவுல.

என் 10/0-வை கையில வாங்கி வெளிச்சத்துல பிடிச்சு பாத்தார். "இதுல வயிறே இல்லயேடா கண்ணா"ன்னார்.

எனக்கு புரியல. அவர் டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்து காட்டினார், அது என்னுதை விட மூணு மடங்கு தடிமன், ஆனா தண்ணியில நனைச்சு ஒரு உதறு உதறினதும் முனை ஊசி மாதிரி நின்னுச்சு. "பாரு, இங்க தடிச்சு இருக்குல்ல, இதான் வயிறு. பெயின்ட் இங்க தங்கும். நீ இழுக்க இழுக்க வயித்துல இருந்து முனைக்கு எறங்கிட்டே இருக்கும். வயிறு இல்லாத பிரஷ்ல முனையில இருக்கறது மட்டும் தான் உனக்கு, அது காத்துலயே காஞ்சிடும். கோடு மெலிசா வர்றது முனையால, பிரஷ் சைஸால இல்ல." அவ்ளோதான் சொன்னார், பேச்சு வேற எங்கயோ போயிடுச்சு, ஆனா நான் நாலு வருஷமா தப்பா புரிஞ்சு வெச்சிருந்த விஷயம் அது.

இப்ப என் கையில இருக்கற முக்கியமான பிரஷ் ரவுண்ட் ஒண்ணாம் நம்பரும் ரெண்டாம் நம்பரும் தான். 1/72 காக்பிட்ல இருந்து 1/35 சோல்ஜர் முகம் வரைக்கும், அந்த சோல்ஜர் நின்னா அஞ்சு சென்டிமீட்டர் தான், அவன் கண்ணுல கருவிழி வைக்கற வரைக்கும் இதுலயே தான் போடறேன். இதை விட சின்ன நம்பர், பூஜ்யம், ரெண்டு பூஜ்யம் எல்லாம் இருக்கு, ஆனா அபூர்வமா தான் எடுக்கறேன். இன்னொண்ணு, இந்த நம்பருக்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுன்னு ஒண்ணு கிடையாது, ஒருத்தரோட ரெண்டு இன்னொருத்தரோட ஒண்ணை விட சின்னதா இருக்கும். அதனால ஆன்லைன்ல நம்பரை மட்டும் பாத்து ஆர்டர் போடாதீங்க, மயிரோட நீளமும் அகலமும் மில்லிமீட்டர்ல போட்டிருந்தா அதை பாருங்க. எல்லாத்துக்கும் மேல, முடிஞ்சா கடைக்கு நேர்ல போங்க.

கடையில எப்படி பாக்கறதுன்னு பெரியப்பா ரெண்டு நிமிஷத்துல காட்டினதை இங்க கொஞ்சம் விரிவா எழுதறேன், ஏன்னா இது தெரியாம நான் வீணாக்கின காசு நிறைய. புது பிரஷ் எல்லாமே கடையில கூர்மையா தான் தெரியும், அது நிஜ முனை இல்ல, கஞ்சி மாதிரி ஒரு பசை தடவி வடிவம் பிடிச்சு வெச்சிருப்பாங்க, வழியில நசுங்காம இருக்கறதுக்கு. அதனால கடைக்காரர் கிட்ட ஒரு டம்ளர் தண்ணி கேளுங்க. அவென்யூ ரோடு பக்கம் நான் போற ஸ்டேஷனரி கடையில முதல் தடவை கேட்டப்ப அவர் ஒரு மாதிரி பாத்தார், இப்ப நான் உள்ள நுழைஞ்சதுமே பையன் கிட்ட தண்ணி கொண்டு வர சொல்லிடறார். தண்ணியில விட்டு விரலால மெதுவா பசையை கரைச்சு, ஒரே ஒரு உதறு. அப்ப மயிர் எல்லாம் தானா ஒண்ணு சேர்ந்து ஒரே முனையா வரணும். நக்கி, விரலால முறுக்கி கூர்மை பண்ணா அது கணக்கு இல்ல, தானா வரணும். அடுத்தது கட்டை விரல் நகத்து மேல முனையை சாய்ச்சு லேசா அழுத்தி எடுங்க. வளைஞ்சு உடனே நிமிரணும். வளைஞ்சபடியே படுத்துக்கிச்சுன்னா அதுல கோடு போட முடியாது, ரொம்ப விறைப்பா நின்னுச்சுன்னா பெயின்ட் போடறப்ப கீழ இருக்கற கோட்டிங்கை சுரண்டும். அப்புறம் மயிரை பிடிச்சு வெச்சிருக்கற உலோக குழாய், ஃபெரூல்னு சொல்றது, அதுல தையல் மாதிரி இணைப்பு கோடு தெரிஞ்சா வெச்சிடுங்க, அந்த சந்து வழியா தண்ணி உள்ள போய் கட்டை உப்பி ஆட ஆரம்பிச்சிடும். ஒரே டப்பாவுல ஒரே நம்பர் பத்து இருந்தா பத்தையும் பாருங்க, அதுல ரெண்டு மூணு தான் தேறும், அது எந்த கம்பெனியா இருந்தாலும் சரி.

எந்த மயிர்னு கேக்கறவங்களுக்கு. சிந்தெட்டிக்ல ஆரம்பிங்க. கேம்லின்ல வர்ற கோல்ட் கலர் சிந்தெட்டிக் ரவுண்ட் நம்ம ஊர்ல எந்த ஸ்டேஷனரி கடையிலயும் கிடைக்குது, பொறுக்கி எடுத்தா நல்ல முனை கிடைக்கும், விலையும் கையை கடிக்காது. சிந்தெட்டிக்கோட குறை ஒண்ணே ஒண்ணு, கொஞ்ச நாள்ல முனை கொக்கி மாதிரி ஒரு பக்கமா வளைஞ்சிடும். அதுக்கு நல்ல சூடு தண்ணியில முனையை மட்டும் சில செகண்ட் வெச்சு எடுத்து விரலால நேராக்கினா கொஞ்ச நாள் ஓடும், ஃபெரூல் வரைக்கும் முக்கிடாதீங்க, சூடுல உள்ள இருக்கற பசை விட்டுடும். இயற்கை மயிர் பிரஷுக்கு இந்த வைத்தியமே வேண்டாம்.

"கேமல் ஹேர்"னு போட்டிருக்கற பிரஷ் பத்தி ஒரு வார்த்தை, அதுல ஒட்டகம் எதுவும் கிடையாது, அணில், மட்டக்குதிரை மாதிரி கிடைக்கற மயிர் தான், மெத்துனு இருக்கும், வாஷ் (தண்ணியா கரைச்ச பெயின்ட்) ஊத்தறதுக்கும் தூசி தட்டறதுக்கும் நல்லது, கோட்டுக்கு ஆகாது.

எல்லாரும் பெருசா பேசறது கோலின்ஸ்கி சேபிள். அது சைபீரியன் வீசல்ங்கற சின்ன பிராணியோட வால் மயிர். வின்சர் அண்ட் நியூட்டன் சீரிஸ் 7-னு ஒண்ணு ரொம்ப பேர் போனது, 1866-ல விக்டோரியா ராணிக்காக செய்யச்சொல்லி வந்த ஆர்டர்ல பிறந்தது, ராணிக்கு பிடிச்ச சைஸ் ஏழுங்கறதால அந்த பேரே நின்னுடுச்சு. நான் ஒண்ணு வாங்கினேன், ரெண்டாம் நம்பர், ஒரே பிரஷ் ஆயிரத்துக்கு மேல. வாங்கினதுக்கு வருத்தம் இல்ல, அந்த வயித்துல பெயின்ட் எடுத்தா நாலு சக்கரம் முடியற வரைக்கும் திரும்ப தொட வேண்டியதில்ல, அந்த சுகமே தனி. ஆனா அதே பிராணி நம்ம இமயமலை பக்கமும் இருக்கு, சர்வதேச வனவிலங்கு வர்த்தக ஒப்பந்தமான சைட்டீஸ்ல அதை மூணாவது பட்டியல்ல சேர்த்ததே இந்தியா தான். அது தெரிஞ்ச பிறகு இரண்டாவது வாங்க எனக்கு மனசு வரல. இருக்கறதை உயிரா பாத்துக்கறேன், அது போனா சிந்தெட்டிக் தான்.

அதை விட முக்கியமானது கீரி மயிர். ஒரு பழைய கடையில, எந்த கடைன்னு சொல்ல மாட்டேன், ஆர்ட்டிஸ்ட் பிரஷ்னு கேட்டதுக்கு கீழ டிராயர்ல இருந்து ஒரு கட்டு எடுத்து "இது ஒரிஜினல் சார், வெளிய வைக்கறதில்ல"ன்னார். மயிர் ஒரே நிறமா இல்ல, வெளிறின க்ரீமும் கருமையான பழுப்புமா வரி வரியா. நல்ல விறைப்பு, நல்ல முனை, கையில பிடிச்சதும் ஆசை வர்ற மாதிரி தான் இருந்துச்சு. அது கீரிப்பிள்ளை மயிர். 1972 வனவிலங்கு பாதுகாப்பு சட்டத்துல கீரி பாதுகாக்கப்பட்ட பிராணி, அதோட மயிர்ல செஞ்ச பிரஷ்ஷை விக்கறதும் குத்தம், வாங்கறதும் குத்தம். 2019-ல வனவிலங்கு குற்றத் தடுப்பு பிரிவு "ஆபரேஷன் க்ளீன் ஆர்ட்"னு பேர் வெச்சு இந்தியா முழுக்க ரெய்டு பண்ணாங்க, உத்தரப் பிரதேசத்துல பிரஷ் தொழிலுக்கு பேர் போன ஷேர்கோட் வரைக்கும் போனாங்க. கீரியை யாரும் வளர்த்து மயிர் வெட்டி எடுக்கறதில்ல, அடிச்சு கொன்னு தான் எடுக்கறாங்க. குடியாத்தத்துல தாத்தா நிலத்துல வரப்பு ஓரமா ரெண்டு குட்டியோட ஓடற கீரியை நான் சின்ன வயசுல பாத்திருக்கேன். ஒரு பிளாஸ்டிக் விமானத்துக்கு பெயின்ட் அடிக்க அது சாக வேண்டியதில்ல. வரி வரியா மயிர் இருந்தா, கடைக்காரர் எந்த பேர் சொன்னாலும் வாங்காதீங்க, தயவு செஞ்சு.

இனி எந்த வேலைக்கு எந்த வடிவம். இறக்கை, உடம்பு மாதிரி அகலமான இடத்துக்கு அரை இன்ச் மெத்தான ஃப்ளாட், பெயின்ட்டை தண்ணியா கலந்து மூணு நாலு மெல்லிசு கோட், ஒவ்வொண்ணும் முழுசா காஞ்ச பிறகு. காத்து ஓடற திசையில, அதாவது மூக்குல இருந்து வால் பக்கமா இழுத்தா லேசா கோடு தெரிஞ்சா கூட கண்ணை உறுத்தாது. ட்ரை பிரஷ்ஷுக்கு செத்துப்போன பழைய பிரஷ், இல்லேன்னா மேக்கப் பிரஷ். மிக்-21 டேஷ்போர்டை கருப்பு அடிச்சு காய விட்டு, தலை பரட்டையா போன பழைய பிரஷ்ல வெளிர் சாம்பல் தொட்டு, டிஷ்யூல தேய்ச்சு தேய்ச்சு இனிமே ஒண்ணும் வராதுங்கற நிலையில பட்டும் படாம தடவினேன், ஒவ்வொரு டயல் விளிம்பும் தானா எழும்பி வந்துச்சு. இந்த வேலைக்கு நல்ல பிரஷ்ஷை எடுத்தா ஒரே ராத்திரியில போயிடும். மெட்டாலிக் பெயின்ட்டுக்கு தனி பிரஷ், தனி தண்ணி, ஏன்னா அந்த மினுமினுப்பு தூள் எவ்ளோ கழுவினாலும் அடியில தங்கி அடுத்த நாள் பைலட் முகத்துல வந்து ஒட்டும்.

பெயின்ட்டும் பிரஷ்ஷும் ஜோடி தான். வல்லேஹோ கம்பெனியோடது மாதிரி தண்ணி அக்ரிலிக் சிந்தெட்டிக்ல நல்லா ஓடும். டாமியா கம்பெனி அக்ரிலிக்ல ஆல்கஹால் இருக்கறதால ரெண்டாவது கோட் போடறப்ப முதல் கோட்டை கிளப்பிடும், அதுக்கு ரிடார்டர், அதாவது பெயின்ட் காயறதை மெதுவாக்கற திரவம், கொஞ்சம் சேர்த்து, ஒரு நாள் விட்டு அடுத்த கோட், ஒரே இடத்துல ரெண்டாவது இழுப்பு இழுக்காதீங்க. எனாமல் மெதுவா காயும், ஆனா பிரஷ் தடம் தானா சமமாகிடும், அதுக்குன்னு தனியா ஒரு பிரஷ் வெச்சுக்கணும், தண்ணி பெயின்ட் பக்கம் அதை கொண்டு வரவே கூடாது. நம்ம ஊர்ல பிப்ரவரி மார்ச்ல காத்து எவ்ளோ வறண்டு இருக்கும்னு உங்களுக்கே தெரியும், உதடு வெடிக்கற சீசன், அப்ப அக்ரிலிக் தட்டுலயே காஞ்சிடும். பழைய டிபன் பாக்ஸ்ல டிஷ்யூவை நனைச்சு போட்டு மேல பட்டர் பேப்பர் விரிச்சு அதுல பெயின்ட் கலந்தா மணிக்கணக்கா ஈரமா இருக்கும்.

பிரஷ் எப்படி சாகுதுன்னு பாத்தா, பெயின்ட் ஃபெரூலுக்குள்ள ஏறி காயறது தான் முக்கால்வாசி காரணம். உள்ள காஞ்ச பெயின்ட் ஆப்பு மாதிரி மயிரை அகட்டி விட்டுடும், அப்புறம் எந்த சோப்பும் அதை சேர்க்காது. அதனால மயிரோட பாதி வரைக்கும் தான் பெயின்ட்ல போகணும், பாட்டில்குள்ள நேரா முக்கவே கூடாது. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை, கலர் மாத்தாட்டி கூட, தண்ணியில அலசுங்க. டம்ளர்ல தலைகீழா நிக்க வெச்சிட்டு ஃபோன் பேச போயிடாதீங்க, திரும்பி வரதுக்குள்ள முனை மடங்கிடும்.

எங்க ஏரியால காவேரி தண்ணி வாரத்துல சில நாள் தான் வருது, மத்த நாள் போர்வெல். போர் தண்ணியில பிரஷ் கழுவி காய வெச்சா மயிர்ல வெள்ளையா ஒரு பொடி படியறதை பாத்தேன், சோப்பும் நுரைக்காம திரிதிரியா நிக்கும். இப்ப ப்யூரிஃபையர் தண்ணி ஒரு டம்ளர் பிடிச்சுக்கறேன், குழந்தைங்க ஷாம்பூ ஒரு சொட்டு உள்ளங்கையில, அதுல பிரஷ்ஷை வட்டமா சுத்தி, கலர் வராத வரைக்கும் அலசி, டிஷ்யூல ஒத்தி, விரலால முனை சேர்த்து படுக்க வெச்சு காய விடறேன். காஞ்ச பிறகு தான் நிக்க வைக்கறது. சேபிள் மாதிரி இயற்கை மயிர் பிரஷ்ஷை மாசக்கணக்கா எடுக்க மாட்டீங்கன்னா டப்பாவுல ஒரு அந்துருண்டை போடுங்க, பட்டுப்புடவையை அரிக்கற அதே பூச்சி இதையும் அரிக்கும்.

பெரியப்பாவோட தகர டப்பாவை பத்தி சொல்லி முடிக்கறேன். அதுல இருக்கற பிரஷ் எதுவும் காஞ்சு இல்ல, எல்லாம் எண்ணெய் மினுமினுப்போட படுத்திருக்கு. எனாமல்ல எழுதற பிரஷ்ஷை மண்ணெண்ணெய்ல அலசிட்டு தேங்காய் எண்ணெய்ல தோய்ச்சு வைப்பாராம், ஆளிவிதை எண்ணெய் காஞ்சு இறுகிடும், தேங்காய் எண்ணெய் இறுகாது. மறுநாள் வேலைக்கு முன்னாடி திரும்ப மண்ணெண்ணெய்ல ஒரு அலசு, எண்ணெய் போயிடும். அப்படி வெச்ச பிரஷ் தான் அவ்ளோ வருஷம் கழிச்சு என் கண்ணு முன்னாடி ஊசி மாதிரி நின்னது. என் எனாமல் பிரஷ்ஷை இப்ப நானும் அப்படி தான் வைக்கறேன், மண்ணெண்ணெய்க்கு பதிலா டர்பன்டைன். தண்ணி பெயின்ட் பிரஷ்ஷுக்கு இது வேண்டாம், எண்ணெய் மிச்சம் இருந்தா பெயின்ட் ஒட்டாது.

கேனோபிக்கு வருவோம். வெள்ளையா போன கண்ணாடியை ரொம்ப சன்னமான உப்புத்தாள்ல தண்ணி விட்டு தேய்ச்சு, அப்புறம் டூத்பேஸ்ட்ல பாலிஷ் பண்ணி, முக்கால்வாசி தெளிஞ்சது. இந்த தடவை ரெண்டாம் நம்பர் சிந்தெட்டிக், அவென்யூ ரோட்ல தண்ணி டம்ளர் வெச்சு பொறுக்கினது. பெயின்ட்டை பால் பதத்துக்கு கலந்து, டிஷ்யூ ஓரத்துல பிரஷ்ஷை உருட்டி அதிகப்படியை எடுத்து, சுண்டு விரலை டேபிள்ல ஊனிக்கிட்டு, பெரியப்பா போர்டு எழுதறப்ப இடது கையில குச்சி பிடிச்சு அது மேல வலது கையை தாங்குவாரே அது மாதிரி, மூச்சை விட்டுட்டு ஒரே இழுப்பு. சட்டத்தோட ஒரு முனையில ஆரம்பிச்ச கோடு மறுமுனை வரைக்கும் நடுவுல நிக்கல. சக்கரத்துக்கு பச்சை விட்டப்பவும் அதே பிரஷ் தான், முன் சக்கரம் ஒரு பட்டாணி அளவு, நடுவுல தண்ணியா ஒரு பொட்டு வெச்சேன், டயர் பள்ளம் வரைக்கும் அதுவா ஓடி அங்கயே நின்னுடுச்சு.

போன மாசம் மர்ஃபி டவுன் போனப்ப மிக்கை ஒரு ஷூ டப்பாவுல பஞ்சு வெச்சு கொண்டு போனேன். பெரியப்பா கண்ணாடியை தூக்கி நெத்தியில வெச்சுக்கிட்டு, விமானத்தை மூக்கு பக்கத்துல கொண்டு போய் கேனோபியை ரொம்ப நேரம் பாத்தார். "இடது பக்க வளைவுல கை தயங்கியிருக்கு"ன்னார். அது நிஜம், அந்த இடத்துல தான் பக்கத்து வீட்டு நாய் குரைச்சுது. அப்புறம் உள்ள போய் தகர டப்பாவை எடுத்துட்டு வந்து, அதுல இருந்து மெலிசா நீளமா ஒரு லைனரை, கோடு போடற பிரஷ்ஷை, எடுத்து பழைய துணியில பிடியில இருந்த எண்ணெயை மட்டும் தொடைச்சு என் சட்டை பாக்கெட்ல சொருகினார். டிசம்பர் குளிருல அதோட மயிரை சுத்தி எண்ணெய் வெள்ளையா உறைஞ்சு போயிருந்துச்சு, வீட்டுக்கு வந்து உள்ளங்கை சூட்டுல வெச்சதும் இளகி, உள்ள இருந்து முனை வெளிய வந்துச்சு.